கூட்டெழுத்து ஃபாண்ட்: மாதிரியில் இருந்த அழகு என் அட்டையில் ஏன் இல்லை?

மார்ச் 2, இரவு 9.50 (கேள்வி)

கைப்பட எழுதியது போன்ற ஆங்கில ஃபாண்ட் ஒன்று கிடைத்தது. மெல்லிய கோடு, வலப்பக்கம் நல்ல சாய்வு, பெரிய எழுத்துகளுக்கு நீளமான சுழிப்பு. மாதிரிப் படத்தைப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. அழைப்பிதழ் முழுவதையும் அதிலேயே அடித்துவிட்டேன். பெயர், நாள், இடம், வழி எல்லாமே. இப்போது பார்த்தால் நூல்கண்டு சிக்கிக்கொண்டது போல இருக்கிறது. வீட்டில் யாராலும் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. ஃபாண்ட் சரியில்லையா, நான் பயன்படுத்திய விதம் சரியில்லையா?

மார்ச் 2, இரவு 10.20

பயன்படுத்திய விதம். இரண்டு பெயர்களை மட்டும் அந்த ஃபாண்டில் விடுங்கள். மற்ற எல்லாவற்றையும் சாதாரண நேரெழுத்துக்கு மாற்றுங்கள். என் கணக்கு இதுதான்: கூட்டெழுத்து ஃபாண்டில், அதாவது எழுத்துகள் ஒன்றோடொன்று கோத்து வரும் ஃபாண்டில், மூன்று சொல்லுக்கு மேல் போகக் கூடாது.

பெயர்களை முழுக்க கேப்பிடலில் அடித்தீர்களா?

மார்ச் 2, இரவு 10.31 (கேள்வி கேட்டவர்)

ஆமாம். எடுப்பாக இருக்கட்டும் என்றுதான்.

மார்ச் 3, காலை 6.40

நூல்கண்டு அங்கிருந்துதான் வந்தது. இந்த வகை ஃபாண்டில் கேப்பிடல் ஒவ்வொன்றும், தனக்குப் பின்னால் சின்ன எழுத்து வரும் என்று வைத்து வரையப்பட்டது. இடப்பக்கம் ஒரு பெரிய வளைவு, தலைக்கு மேல் ஒரு சுழிப்பு, அடியில் ஒரு வால். வலப்பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அதுவும் குள்ளமான எழுத்து வந்து உட்காருவதற்கு. அந்த இடத்தில் இன்னொரு கேப்பிடலைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டின் சுழிப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். எட்டு எழுத்துப் பெயரில் ஏழு இடத்தில் வெட்டு. பிறகு எப்படிப் படிப்பது?

பாணி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இதெல்லாம் தானாகப் புரியும். உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது ஆங்கில ரவுண்ட் ஹேண்ட் வழியில் வந்த ஃபாண்ட். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் எழுத்துப் பயிற்சி ஆசிரியர்கள் கூர்முனை இறகுப் பேனாவால் எழுதிய எழுத்து. கீழ்நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் முனை இரண்டாக விரிந்து கோடு தடிக்கும். மேலே போகும்போது அழுத்தத்தை விட்டால் தலைமுடி போல மெலியும். இந்த எழுத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள், அதனால்தான் காப்பர்பிளேட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குக் கலைஞர் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'தி யுனிவர்சல் பென்மேன்' அந்தக் காலத்து எழுத்தின் பெரிய தொகுப்பு. செதுக்கு ஊசியால் பேனாவைவிட மெல்லிய கோடு போட முடியும். நாம் ஃபாண்டில் பார்க்கும் முடிக்கோட்டில் பேனாவும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது.

பேனாவை எடுக்காமல் ஒரே ஓட்டமாக எழுதுவதால்தான் எழுத்துகள் கைகோத்துக்கொண்டு வருகின்றன. கேப்பிடல் அந்த ஓட்டத்தின் தொடக்கம். தொடக்கத்தையே எட்டு முறை போட்டால் ஓட்டம் எங்கே?

மார்ச் 3, மதியம் 1.15

காலையில் எழுதிய கடைசிப் பத்தியில் ஒரு தவறு. அலுவலகத்துக்குப் போகும் வழி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

பேனாவை எடுக்காமல் எழுதுவது இல்லை. நானே எட்டு மாதம் கூர்முனை நிப்பில் காப்பர்பிளேட் பழகியிருக்கிறேன், நான் இப்படி எழுதியிருக்கக் கூடாது. சின்ன 'ஏ' எழுத வேண்டுமென்றால் முதலில் முட்டை வடிவத்தைப் போடுவோம். பேனாவை எடுப்போம். பிறகு மேலிருந்து ஓர் அழுத்தமான கோட்டை முட்டையின் வலப்பக்கத்தில் உரசுவது போல இறக்கி, அடியில் திருப்பி, மெல்லிய கோடாக மேலே கொண்டுபோய் விடுவோம். மறுபடியும் பேனாவை எடுப்போம். அடுத்த எழுத்து அந்த மெல்லிய கோட்டின் நுனியில் சரியாக வந்து உட்கார வேண்டும். ஒரு சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு முறை பேனா எழும்பும். பார்ப்பவருக்கு மட்டும் அது ஒரே இழுப்பாகத் தெரியும்.

முதல் மூன்று மாதம் எனக்கு எழுத்து வரவே இல்லை என்று நினைத்தேன். எழுத்து வந்தது, இணைப்புதான் வரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் முத்து முத்தாக இருக்கும். சொல்லாகப் பார்த்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே. பக்கம் பக்கமாக எழுதியது ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான்: போன கோட்டின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே அடுத்த கோட்டைத் தொடங்குவது.

ஃபாண்ட் வரைபவருக்கும் இதே வேலைதான். ஆனால் அவருக்கு இன்னும் கடினம். முன்னால் எந்த எழுத்து வரும் என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 4, இரவு 8.05 (கேள்வி கேட்டவர்)

முதல் எழுத்தை மட்டும் கேப்பிடலாக வைத்து மாற்றினேன். பெரிய வித்தியாசம், இப்போது படிக்க முடிகிறது. ஆனால் ஒரு பெயரில் 'ஓ'வுக்கும் 'ஆர்'ருக்கும் நடுவில் இணைப்பு விட்டுப்போகிறது. இன்னும் சில இடங்களிலும் மெல்லிய இடைவெளி தெரிகிறது. இது ஃபாண்டின் குறையா?

மார்ச் 4, இரவு 9.30

'ஓ'வும் 'ஆர்'ரும் இந்த வகை ஃபாண்டின் பரீட்சை.

ஆங்கிலக் கூட்டெழுத்தில் பெரும்பாலான சின்ன எழுத்துகள் அடிக்கோட்டில், அதாவது எழுத்துகள் உட்காரும் கோட்டில், முடியும். 'ஏ', 'என்', 'எம்', 'யூ' எல்லாம் காலடியிலிருந்து ஒரு மெல்லிய கோட்டை மேலே அனுப்பும். அடுத்த எழுத்து அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் 'ஓ', 'வி', 'டபிள்யூ', 'பி' (b) ஆகிய நான்கும் மேலே முடியும். அவற்றின் கோடு தோள் உயரத்திலிருந்து கிடையாக வெளியே வரும். இப்போது அடுத்த எழுத்து, கீழிருந்து வரும் கோட்டுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கோடு வருவதோ மேலிருந்து. 'என்' வந்தால் எப்படியோ சமாளிக்கும். 'ஆர்', 'எஸ்' இரண்டும் சமாளிக்காது, ஏனென்றால் அவற்றின் உருவமே அந்த ஏறும் கோட்டில்தான் தொடங்குகிறது. கையால் எழுதுபவர் இந்த இடத்தில் எழுத்தையே சற்று மாற்றி எழுதிவிடுவார், யோசிக்கக்கூட மாட்டார். ஃபாண்டில் அந்த மாற்று உருவத்தை யாராவது வரைந்து வைத்திருந்தால்தான் உண்டு.

என்னிடம் ஒரு ஃபாண்ட் இருக்கிறது. கேப்பிடல்கள் கொள்ளை அழகு, அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒரு பெயரை அடித்து எட்டு மடங்கு பெரிதாக்கினேன். 'ஓ'விலிருந்து வந்த கோடு 'ஆர்'ரின் தோளைத் தொடாமல் ஒரு முடி அளவு மேலேயே நின்றது. அதற்குக் கீழே 'ஆர்'ரின் தொடக்கக் கோடு பாதி வழியில் வெட்டிவிட்ட கிளை போல நீட்டிக்கொண்டிருந்தது. 12 பாயிண்டில் இது தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் கண்ணுக்குத் தோன்றும். மூன்று அங்குல உயரத்தில் பெயர்ப்பலகைக்குப் போனால் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். கேப்பிடலைப் பார்த்து மயங்காதீர்கள். மாதிரிப் படத்தில் காட்டுவதெல்லாம் கேப்பிடலும் வாலும்தான், அவற்றை வரைவது எல்லாருக்கும் பிடிக்கும். இணைப்பைப் பாருங்கள். 'ஓ-ஆர்', 'ஓ-எஸ்', 'பி-ஆர்', 'வி-ஈ', 'டபிள்யூ-ஆர்' இந்த ஐந்து ஜோடியையும் அடித்து 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்தும் சரியாக இருந்தால் அந்த ஃபாண்டை வரைந்தவர் கடைசிவரை வேலை பார்த்திருக்கிறார்.

ஈய எழுத்துக் காலத்தில் இது இன்னும் பெரிய தலைவலி. ஒவ்வொரு எழுத்தும் ஒரு நாற்கரத் துண்டின் மேல் நிற்க வேண்டும். சாய்ந்த எழுத்தின் தலையும் வாலும் துண்டை விட்டு வெளியே தொங்கும், அழுத்தத்தில் உடையும். அப்படித் தொங்கும் பகுதிக்குத்தான் கெர்ன் என்று பெயர். இன்று நாம் சொல்லும் கெர்னிங் அந்தச் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் தொழில்நுட்பத்திலேயே 1953-இல் ரோஜே எக்ஸ்கோஃபோன் 'மிஸ்ட்ரல்' ஃபாண்டைக் கொண்டுவந்தார். தன் சொந்தக் கையெழுத்தை அடிப்படையாக வைத்தார், ஈயத்திலேயே எழுத்துகளைக் கோக்க வைத்தார். அதன் முரட்டு ஓரம் சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அதன் இணைப்பைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதை கூடுகிறது. மாத்யூ கார்ட்டரின் 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்' 1965-இல் வந்தபோது ஒளி அச்சுக்கோப்பு வந்துவிட்டது. படச்சுருளில் எழுத்தின் மேல் எழுத்து ஏறலாம், உடைய எதுவும் இல்லை. 17ஆம் நூற்றாண்டு எழுத்தாசிரியர் சார்லஸ் ஸ்னெல்லின் கையை அதனால்தான் அவ்வளவு சுத்தமாகக் கொண்டுவர முடிந்தது.

மார்ச் 4, இரவு 9.52

அவசரப்பட்டு ஃபாண்டைக் குறை சொல்லிவிட்டேன். 'ஓ-ஆர்' விஷயம் இருக்கட்டும், "இன்னும் சில இடங்களில் மெல்லிய இடைவெளி" என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எழுத்து இடைவெளி, அதாவது ட்ராக்கிங், பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மார்ச் 4, இரவு 10.10 (கேள்வி கேட்டவர்)

25 என்று இருந்தது. வார்ப்புருவிலேயே அப்படித்தான் வந்தது. பூஜ்யமாக்கியதும் 'ஓ-ஆர்' தவிர எல்லாம் சேர்ந்துகொண்டன.

மார்ச் 5, காலை 7.00

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கூட்டெழுத்து ஃபாண்டில் ட்ராக்கிங்கைத் தொடவே கூடாது. கூட்டினால் இணைப்பு அறும், குறைத்தால் கோடு அடுத்த எழுத்தின் உடலுக்குள் குத்தும். 'இரண்டு பக்கமும் சமமாக நிரப்பு' என்ற வரி அமைப்பும் ஆபத்துதான், சில மென்பொருள்கள் சொல்லிடைவெளி போதாதபோது எழுத்திடைவெளியையும் நீட்டிவிடும். இணையப் பக்கத்தில் இன்னொரு சிக்கல்: எழுத்திடைவெளி கொடுத்தால் பிரவுசர் லிகேச்சர்களையும் (சில எழுத்துகள் சேர்ந்து ஒரே உருவமாவதை) அணைத்துவிடும். ஒரே கட்டளையில் இரண்டு கேடு.

மார்ச் 5, இரவு 11.00

'ஓ-ஆர்'ருக்கு வருவோம். உங்கள் ஃபாண்டுக்குள்ளேயே தீர்வு தூங்கிக்கொண்டிருக்கலாம்.

ஓப்பன்டைப் என்ற கோப்பு வகையை மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் சேர்ந்து 1996-இல் அறிவித்தன. அதற்கு முன் ஒரு ஃபாண்ட் கோப்பில் 256 இடம்தான் நடைமுறையில் கிடைக்கும். மாற்று உருவங்களை வேறு கோப்பில் வைத்துத் தனியாகத் தருவார்கள், ஒவ்வோர் எழுத்தையும் தேர்ந்தெடுத்துக் கையால் மாற்ற வேண்டும். ஓப்பன்டைப்பில் ஆயிரக்கணக்கில் உருவம் வைக்கலாம், எந்த இடத்தில் எது வர வேண்டும் என்ற விதியையும் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கலாம். "முன்னால் 'ஓ' இருந்தால் 'ஆர்'ரின் இரண்டாவது உருவத்தைப் போடு" என்பது அப்படி ஒரு விதி. அதன் பெயர் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ். உங்கள் மென்பொருளில் அது அணைந்திருந்தால் ஃபாண்ட் பாதி ஊமை. அதைப் போட்டுப் பாருங்கள். வரவில்லையென்றால் ஸ்டைலிஸ்டிக் செட் (மாற்று உருவங்களின் தொகுதி) ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கிளிஃப் பட்டியலை, அதாவது ஃபாண்டில் உள்ள எல்லா உருவங்களின் பட்டியலை, திறந்து 'ஆர்' எத்தனை விதம் இருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஒரே எழுத்து இரண்டு முறை வரும் சொல்லை அடித்தும் பாருங்கள். மனிதக் கை ஒரே எழுத்தை அடுத்தடுத்து அச்சுப்போல எழுதாது. இரண்டு 'எல்' வந்தால் இரண்டாவது சற்றே குட்டையாக இருக்கும். இரண்டு 'டி' (t) வந்தால் ஒரே குறுக்குக்கோடு இரண்டுக்கும் போகும். நல்ல ஃபாண்டில் இந்த மாற்றம் தானாக நடக்கும். நடக்காத ஃபாண்டில் கண் அந்த ஜோடியிலேயே போய் நிற்கும், கையெழுத்து என்ற நம்பிக்கை அங்கேயே கலைந்துவிடும்.

ஹெர்மன் ஸாப்ஃபின் 'ஸாப்ஃபினோ' நினைவுக்கு வருகிறது. 1944-இல் அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதிய எழுத்து அதன் அடிப்படை. ஈயத்தில் அந்தச் சுதந்திரம் கிடைக்காது என்பதால் காத்திருந்தார். 1998-இல்தான் லைனோடைப் நிறுவனம் வெளியிட்டது. 54 வருடம்! ஒரே எழுத்துக்கு நாலைந்து உருவம், சொல்லின் முடிவில் வேறு வால், நடுவில் வேறு. கையின் சுதந்திரம் முழுவதும் உள்ளே வர அவ்வளவு காலம் ஆனது. மேக் கணினியில் அந்த ஃபாண்டின் பெயரை அந்த ஃபாண்டிலேயே அடித்தால் முழுச் சொல்லும் ஒரே கிளிஃபாக மாறும். நான் அதை முதல்முறை பார்த்த இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

மார்ச் 6, மாலை 6.20 (கேள்வி கேட்டவர்)

கான்டெக்ஸ்சுவல் அணைந்துதான் இருந்தது. போட்டதும் 'ஆர்' மாறியது. சேர்ந்துவிட்டது!

மார்ச் 6, மாலை 6.45

நல்லது. இப்போது அந்தப் பெயரைத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் வேண்டாம். அவர்களுக்குப் பெயர் ஏற்கெனவே தெரியும், படிக்காமலே படித்துவிடுவார்கள்.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்குச் சான்றிதழ் வடிவமைத்துக் கொடுத்தேன். அறுபது பேர். பெயரை மட்டும் கூட்டெழுத்தில், தங்க நிறத்தில் வைத்தேன், முதலெழுத்துக்கு இருப்பதிலேயே நீளமான சுழிப்பு. அச்சாகி வந்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. விழா முடிந்து ஒரு பெண் வந்து, "இது என்னுடையது இல்லை, வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டது" என்று சான்றிதழைத் திருப்பி நீட்டினார். அவருடைய இனிஷியல் 'ஐ'. அந்த ஃபாண்டில் 'ஐ'யின் கால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கி இடப்பக்கம் சுருண்டிருந்தது. அவர் கண்ணுக்கு அது 'ஜே'. மேடையில் பெயரை வாசித்தவரும் 'ஜே' என்றுதான் வாசித்திருக்கிறார். ஆறு மாதம் கஷ்டப்பட்டு முடித்த படிப்பின் சான்றிதழில் தன் பெயர் தனக்கே அந்நியமாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்? அந்த முகம் இன்னும் மனதில் இருக்கிறது. மறுநாளே எளிய கேப்பிடல் போட்டு அறுபதையும் மாற்றி அச்சிட்டேன்.

ரவுண்ட் ஹேண்ட் கேப்பிடல்களில் இப்படிக் குழப்பும் ஜோடிகள் சில உண்டு: 'ஐ'யும் 'ஜே'யும், 'டி'யும் (T) 'எஃப்'பும், 'எஸ்'ஸும் 'எல்'லும். சொல்லின் மற்ற எழுத்துகள் உதவினால் கண் சமாளித்துக்கொள்ளும். இனிஷியல் தனியாக நிற்கும், அதற்கு உதவ யாரும் இல்லை. இனிஷியலுக்கு எப்போதும் இருப்பதிலேயே எளிய உருவம்தான்.

மார்ச் 8, காலை 9.10

அச்சுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை, நினைவுக்கு வந்த வரிசையில்.

முடிக்கோடு. 0.25 பாயிண்டுக்குக் கீழே மெலிந்தால் அச்சில் அங்கங்கே அறுந்து வரும். எழுத்தின் அளவைக் கூட்டுங்கள், அல்லது சிறிய அளவுக்கென்றே சற்றுத் தடித்த வகை அந்தக் குடும்பத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பது இன்னும் ஆபத்து. மை பரவி முடிக்கோட்டை இரண்டு பக்கமும் விழுங்கிவிடும். நான்கு வண்ணம் கலந்து வரும் நிறத்திலும் வைக்காதீர்கள், ஒரு தகடு கொஞ்சம் நகர்ந்தால் மெல்லிய கோட்டின் ஓரத்தில் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். ஒற்றை மையில் வரும் நிறமாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

கட்டர் இயந்திரத்தில் ஸ்டிக்கர் வெட்டுவதாக இருந்தால், இணைப்பில் ஒரு எழுத்தின் மேல் இன்னொன்று ஏறியிருக்கும் இடத்தையும் கத்தி வெட்டும். எல்லாவற்றையும் வெல்டு செய்து ஒரே உருவமாக்கிவிட்டு அனுப்ப வேண்டும். எழுத்தைச் சுற்றி அவுட்லைன் போடும்போதும் இதே கதை, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு குறுக்குக்கோடு தெரியும்.

துணியில் எம்பிராய்டரி என்றால் முடிக்கோட்டை மறந்துவிடுங்கள். நூலுக்கே ஒரு தடிமன் இருக்கிறது. ஒரே தடிமனில் போகும் மோனோலைன் வகைதான் அதற்குச் சரி.

மார்ச் 8, இரவு 10.40

முதல் நாள் சொன்ன "மூன்று சொல்" கணக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்று பழைய கோப்புகளைத் துழாவியபோது, நண்பருக்காக நான் அடித்துக் கொடுத்த ஒரு வாழ்த்து மடல் கிடைத்தது. ஒன்பது வரி, முழுக்கக் கூட்டெழுத்து. தடுமாறாமல் படிக்க முடிகிறது. ஏன் என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஃபாண்டில் சாய்வு குறைவு. கோடு ஒரே தடிமன். எல்லாவற்றையும்விட முக்கியம், சின்ன எழுத்துகளின் உடல் உயரமாக இருக்கிறது. உங்கள் ஃபாண்டில் 'ஹெச்'சின் உயரத்தில் பாதிகூட 'ஏ'வுக்கு இருக்காது, ரவுண்ட் ஹேண்டில் அப்படித்தான் இருக்கும். அதனால் 12 பாயிண்ட் என்று போட்டாலும் கண்ணுக்கு 7, 8 பாயிண்ட்தான். வரிகளுக்கு நடுவில் வேறு, மேல் வரியின் வாலும் கீழ் வரியின் தலையும் மோதும். சொல் எத்தனை என்பது இரண்டாம் பட்சம். சின்ன எழுத்தின் உயரத்தைப் பார்த்து அளவையும் வரி இடைவெளியையும் முடிவு செய்திருந்தால் உங்கள் அட்டையில் ஐந்தாறு சொல்கூட நின்றிருக்கும்.

கையெழுத்து ஃபாண்ட் என்ற ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டதும் என் தவறு. தூரிகை வழியில் வந்தவை இருக்கின்றன, 1942-இல் ராபர்ட் இ. ஸ்மித் வரைந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' போல. அவை தடித்தவை, பலகைக்கு ஏற்றவை. இத்தாலியச் சான்சரி (ஆவண அலுவலக எழுத்து) வழியில் வந்தவை இருக்கின்றன. 1522-இல் லுடோவிகோ அர்ரிகி வெளியிட்ட எழுத்துக் கையேடு அந்த வழியின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று, 1979-இல் வந்த 'ஸாப்ஃப் சான்சரி' அதன் பேரப்பிள்ளை. அகலமுனைப் பேனா எழுத்து அது, பெரும்பாலும் சேராமல் தனித்தனியாகவே நிற்கும். அதில் ஒரு முழுக் கவிதையை வைத்தாலும் படிக்கலாம். உங்கள் கையில் இருப்பது இந்தக் குடும்பத்திலேயே மிக நாசூக்கான பிள்ளை, அவ்வளவுதான்.

மார்ச் 10, இரவு 8.30

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டது: தமிழுக்கு இப்படி ஒரு ஃபாண்ட் ஏன் இல்லை?

சாய்ந்த கைவரிப் பாணியில் தாரிக் அஸீஸின் 'கவிவனார்' இருக்கிறது, கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். ஆனால் கேட்டவர் தேடுவது ரவுண்ட் ஹேண்ட் போல எழுத்தும் எழுத்தும் கோத்துக்கொண்டு போவது. தமிழில் எழுத்துகள் பக்கவாட்டில் சேர்வதில்லை, அதை வலிந்து செய்தால் 'ர'வும் காலும் ஒன்றாகிவிடும், புள்ளி எந்த எழுத்துக்கு என்று தெரியாது.

ஆனால் தமிழுக்கு வேறிடத்தில் இணைப்பு இருக்கிறது. உகர வரிசையைப் பாருங்கள். 'கு'வில் கீழே இறங்கிய கோடு வட்டமடித்துத் திரும்புகிறது. 'மு'வில் வேறு மாதிரி. 'சு'வில் நேராக இறங்குகிறது. 'டு'வில் அடிக்கோட்டிலேயே கலந்துவிடுகிறது. உயிர்க்குறி மெய்யின் உடலுக்குள் புகுந்து புது உருவமாகிறது, ஃபாண்டிலும் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் வரைய வேண்டும். அப்புறம் 'கி', 'டி', 'லி'யின் கொக்கி, மெய்யின் தலையிலிருந்து எழுந்து வளைவது. 'ழ'வின் வால். நாசூக்கான தமிழ்க் கையெழுத்து ஃபாண்ட் வருமானால் இந்த வளைவுகளில்தான் அதன் அழகு இருக்கும். நேரெழுத்தை மென்பொருளில் 15 பாகை சாய்த்தால் அது கிடைக்காது. சாய்க்கும்போது வட்டச் சுழியெல்லாம் நசுங்கும். 'ண'வின் மூன்று சுழியில் அது பளிச்சென்று தெரியும்.

இரண்டு மொழியும் ஒரே அட்டையில் வரும்போது, ஆங்கிலத்துக்கு முடிக்கோட்டுக் கூட்டெழுத்தும் தமிழுக்குக் கனத்த தலைப்பெழுத்தும் வைத்தால் தமிழ் கத்துவது போல இருக்கும். தமிழை மெல்லிய கனத்தில், சற்றுப் பெரிய அளவில், தாராளமான இடைவெளியோடு வையுங்கள்.

மார்ச் 11, காலை 7.15

தொடர்புள்ள இன்னொன்று. சமூக வலைத்தளங்களில் பெயரைச் சுழித்த எழுத்தில் போட்டுக்கொள்கிறார்களே, அது ஃபாண்ட் இல்லை. 2001-இல் யூனிகோடு 3.1 பதிப்பில் கணிதக் குறியீடுகளுக்காகச் சேர்த்த எழுத்துகள் அவை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பெயராக வாசிக்காது. "கணிதக் குறி, சுழியெழுத்து, பெரிய ஏ" என்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிக்கும், அல்லது மௌனமாகத் தாண்டிவிடும். உங்கள் அழைப்பிதழை இணையத்தில் பகிரும்போது இந்தக் குறுக்குவழி வேண்டாம். படமாகப் போடுங்கள், கூடவே பெயர், நாள், இடத்தைச் சாதாரண எழுத்தில் அடித்துவிடுங்கள்.

உரிமமும் பார்த்துக்கொள்ளுங்கள். 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்றிருந்தால் வீட்டு அழைப்பிதழுக்குச் சரி, கடைப்பலகைக்குச் சரியில்லை. ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் என்றால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

மார்ச் 13, இரவு 9.00 (கேள்வி கேட்டவர்)

முடித்துவிட்டேன். இரண்டு பெயர் மட்டும் கூட்டெழுத்தில், 40 பாயிண்ட். மற்றதெல்லாம் நேரெழுத்து. பெயர் தெரியாத மூன்று பேரிடம் காட்டினேன், மூவரும் தயங்காமல் படித்தார்கள். நாளை அச்சகத்துக்குப் போகிறது.

மார்ச் 13, இரவு 9.25

எழுத்தை வெறும் வடிவமாக, அதாவது கர்வ்ஸாக, மாற்றி அனுப்புங்கள், இல்லையென்றால் அங்கே அந்த ஃபாண்ட் இல்லாமல் வேறு ஏதாவது வந்து உட்காரும். மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கர்வ்ஸ் ஆன பிறகு எழுத்துப்பிழை கண்டுபிடித்தால் திருத்த முடியாது.

மாற்றிய கோப்பைத் திறந்து அந்த 'ஓ-ஆர்' இணைப்பை இன்னொரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். சில மென்பொருள்களில் மாற்றும் நேரத்தில் கான்டெக்ஸ்சுவல் போய்ப் பழைய 'ஆர்' திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பெயரின் கடைசி எழுத்துக்கு நீள வால் வைத்திருந்தால், வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

மார்ச் 14, காலை 8.05 (கேள்வி கேட்டவர்)

பார்த்தேன். பழைய 'ஆர்' திரும்பித்தான் வந்திருந்தது. மாற்றிவிட்டு அனுப்பிவிட்டேன்.